பதினேழாம் இலக்கத்தின் பிழைகள்

நிரல் எழுதப் பழகுகிறவர்கள் பிழை விட்டால், நிரலைச் சரிபார்க்கிற கம்பைலர் திரையில் சிவப்பு எழுத்தில் நாலு வரி எழுதிக் காட்டும். நாலும் ஆங்கிலம். அவற்றுக்குக் கீழே தமிழில் விளக்கம் எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

எங்கள் அலுவலகம் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மூன்று பேரும் ஒரு மின்விசிறியும். இணையத்தின் வழியாகவும், சனிக்கிழமைகளில் ஊர் ஊராகப் போயும் நிரல் எழுதக் கற்பித்தோம். பொறுப்பாளர் கொழும்பில் ஒரு வங்கியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். தமிழ் தோய்த்து உலர்த்தி மடித்து வைத்ததுபோல இருக்கவேண்டும் அவருக்கு. மற்றவர் என் வயதுக்காரரான நண்பர். தொண்ணூறில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம் அவருடையது. பிறந்து வளர்ந்தது புத்தளத்தில். திரும்பி வந்து ஏழெட்டு வருடமாகியும் ‘வாங்கோ’ வராது, ‘வாங்க’தான் வரும். கோபமோ கலக்கமோ வந்தால் மட்டும், உம்மா வீட்டில் பேசிய அசல் யாழ்ப்பாணத் தமிழ் எங்கிருந்தோ கிளம்பும்.

முதல் விளக்கங்களைப் பொறுப்பாளருக்குப் பிடித்த மாதிரியே எழுதினேன். இல்லாத பெயரை ஒருவர் பயன்படுத்தினால், ‘அடையாளங்காட்டி வரையறுக்கப்படவில்லை.’ வேறோர் இடத்தில் ஆயத்தமாக இருக்கும் நிரலை இம்போர்ட் வரி போட்டு எடுக்கவேண்டும். அதில் பிழைத்தால், ‘இறக்குமதி தோல்வியுற்றது.’ நிரலின் ஒரு சிறு பகுதிக்குள் வைத்த பெயரை வெளியே நின்று கூப்பிட்டால், ‘மாறி எல்லை தாண்டியது.’ பொறுப்பாளர் மூன்றுக்கும் சரி போட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை உடுவில் வகுப்புக்குப் போனேன். முன்வரிசையில் ஒரு தோட்டக்காரர். நாற்பது வயதிருக்கும், வெங்காயமும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். கையை உயர்த்தினார்.

“மிஸ், இஞ்சை இறக்குமதி தோல்வி எண்டு கிடக்கு. உண்மையாவோ?”

“ஓம். ஏன்?”

“அப்ப இந்தமுறை நம்பிக் கிழங்கு போடலாம்.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவர் பகிடிக்காகக் கேட்கவில்லை என்பது அவருடைய முகத்தைப் பார்த்தபோது விளங்கியது. அறுவடை நேரத்தில் வெளிநாட்டுக் கிழங்கைக் கப்பலில் இறக்குகிறார்கள் என்று காலங்காலமாக நொந்துபோன மனிதர். அரசாங்கம் ஏதோ முடிவெடுத்து, அதை எங்கள் வழியாக அறிவித்திருக்கிறது என்று ஒரு கணம் நம்பிவிட்டார்.

திங்கட்கிழமை விளக்கங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அயலில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கதைக்கிற ஒரு மனுசியை மனதில் வைத்துக்கொண்டேன். இல்லாத பெயருக்கு: ‘உந்தப் பெயரிலை இஞ்சை ஒருத்தரும் இல்லை. முதல் ஒரு மாதிரியும் இப்ப ஒரு மாதிரியும் எழுதிப்போட்டியளோ?’ இம்போர்ட் வரியை மறந்தவருக்கு: ‘பக்கத்து வீட்டுத் திருவலை வேணுமெண்டால் முதல் போய்க் கேக்கவேணும். தேங்காயை உடைச்சு வைச்சுக்கொண்டு என்னைப் பாத்தால் நான் என்ன செய்யிறது?’ எல்லைப் பிழைக்கு: ‘குசினிக்குள்ளை வைச்ச பேரை விறாந்தையிலை நிண்டு கூப்பிட்டால் கேக்காது.’

இவற்றைப் பொறுப்பாளரிடம் காட்டிய விதத்தில் கொஞ்சம் கள்ளம் இருந்தது. அடக்க ஒடுக்கமானவற்றை முதல் பக்கத்தில் வைத்தேன். வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பவற்றை மூன்றாம் பக்கத்தில். அவர் ஒரு கலியாண வீட்டுக்குப் புறப்பட்டு நின்ற நேரமாகப் பார்த்து நீட்டினேன். முதல் பக்கத்தை வாசித்தார்.

“பரவாயில்லை. ஒரு மாசம் போட்டுப் பாப்பம்,” என்றார்.

எங்கள் மாணவர்கள் நாற்பத்தொரு பேர். அவர்கள் அனுப்புகிற நிரல்கள் எங்களிடம் இலக்கத்தோடு மட்டும்தான் வரும். நிரலில் ஒரு வரியின் முன்னால் # என்ற ஹாஷ் குறியைப் போட்டால் கணினி அந்த வரியை வாசிக்காது. எழுதுகிறவர் தனக்காக எழுதிவைக்கிற குறிப்பு அது. புதிய விளக்கங்களைப் போட்ட மூன்றாம் நாள், பெண்கள் மட்டும் படிக்கிற மயிலிட்டி வகுப்பின் பதினேழாம் இலக்கத்திடமிருந்து ஒரு நிரல் வந்தது. ‘இண்டைக்கு என்ன கறி’ என்பது அதன் தலைப்பு. விளைமீனை ஆங்கில எழுத்தில் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் ஓர் எழுத்துக் குறைத்தும் எழுதியிருந்தார். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுகிற எல்லோருக்கும் வருகிற பிழை. ‘உந்தப் பெயரிலை ஒருத்தரும் இல்லை’ என்ற விளக்கம் அவருக்குப் போயிருந்தது. நிரலின் அடியில் ஹாஷ் குறி போட்டு ஒரு வரி எழுதியிருந்தார்:

‘எனக்கும் உன்னைத் தெரியாது. ஆனால் நான் உப்பிடிக் கதைக்கிறேல்லை.’

கதிரையோடு சுழன்றேன். நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவரும் இருந்து பதினேழின் பழைய நிரல்களைத் தோண்டினோம். ‘மாறி எல்லை தாண்டியது’ என்ற பழைய விளக்கத்துக்குக் கீழேயும் ஒரு பதில் இருந்தது. ‘எல்லை தாண்டிறது நாங்கள் இல்லை. அக்கரையிலை இருந்து இழுவைப் படகோடை வாற ஆக்கள். ஏலுமெண்டால் அவையைப் பிடி.’

இப்படி ஒருவர் கம்பைலரோடு வாய்காட்டிக்கொண்டிருக்கும்போது பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. பெயர்ப் பிழைக்கான விளக்கத்தை மாற்றினேன்: ‘உப்பிடிக் கதைக்காமல் வேறை எப்பிடிக் கதைக்கிறது? ஒரு சாமானுக்கு ஒரே எழுத்தைப் போடுங்கோ, நானும் மரியாதையாக் கதைப்பன்.’

“இது பதினேழுக்கு மட்டும் போகாது,” என்றார் நண்பர். “நாப்பத்தொரு பேருக்கும் போகும். யோசிச்சுச் செய்ங்க.”

“ஒரு வரிதானே.”

ஒரு வரியோடு நிற்கவில்லை. பதினேழு பதில் எழுதினார், நான் விளக்கத்தை மாற்றினேன், அவர் அதற்கும் பதில் எழுதினார். ஒரு நாள், ‘இண்டைக்குத் தலையிடி. பிழையைக் கொஞ்சம் மெல்லமாச் சொல்லு’ என்று எழுதியிருந்தார். அடுத்த நாள் இம்போர்ட் பிழையில், ‘தலையிடி எண்டால் கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ. குடிச்சிட்டு வந்து மேலை இம்போர்ட் வரியைப் போடுங்கோ’ என்று எழுதினேன். தொண்டைமானாற்றில் ஒரு மாணவிக்கு அன்றைக்கு உண்மையாகவே தலையிடி. விளக்கத்தை வாசித்துவிட்டுப் பயந்துபோய் மடிக்கணினியின் கமராவுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

இதற்கிடையில் பதினேழின் பிழைகள் கூடிக்கொண்டே போயின. இன்றைக்கு ஒரே பெயரை இரண்டு பொருளுக்கு வைப்பார். நாளைக்கு இம்போர்ட் வரியை நிரலின் அடியில் போடுவார். எனக்குக் கவலையாகிவிட்டது.

“பாவம், அந்த மனிசிக்கு ஒண்டும் ஏறுதில்லை,” என்றேன்.

நண்பர் திரையைப் பார்த்துக்கொண்டே, “ஒரு பிழைய ஒரே மாதிரி அவங்க ரெண்டு தரம் விட்டதா எனக்கு ஞாபகமில்ல,” என்றார்.

அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த விளக்கத்தை எழுதினேன். பதினேழின் நிரல் முழுக்க மீனாக இருந்ததால் எழுதினேன்: ‘மீன் வெட்டினது போதும். கையைக் கழுவிப்போட்டு வந்து இம்போர்ட் வரியைப் போடுங்கோ.’

நான் எழுதியது கந்தசஷ்டியின் மூன்றாம் நாள். ஆறு நாளும் விரதம் இருக்கிற வீடுகளில் சுவாமி அறையைக் கழுவி, புதுச் சட்டி வைத்து, மீன், இறைச்சி என்று மச்சத்தின் வாசமே படாமல் இருக்கிற காலம். நானும் அம்மாவுக்குப் பயந்து வீட்டில் மரக்கறிதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இருந்தும் எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை. உடுவில் தோட்டக்காரருக்கு நினைவிருந்தது. பகல் முழுக்கத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, மனதை வேறு பக்கம் திருப்பலாம் என்று கணினியின் முன்னால் குந்தியிருக்கிறார். கணினி அவரிடம் மீன் வெட்டினது போதும் என்று சொல்லியிருக்கிறது. நேரே பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்.

மறுநாள் காலை என் விளக்கங்கள் எல்லாம் அச்சாகிப் பொறுப்பாளரின் மேசையில் இருந்தன. மூன்றாம் பக்கம் மேலே இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தேவாரம் படிக்கிற குரலில் ஒவ்வொன்றாக வாசித்தார்.

“‘தேங்காயை உடைச்சு வைச்சுக்கொண்டு என்னைப் பாத்தால் நான் என்ன செய்யிறது?’ இது நீங்களோ எழுதினது?”

“ஓம் சேர்.”

“‘கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ.’ ஆங்கிலத்திலை இதுக்கு என்ன இருந்தது?”

“ஒண்டும் இல்லை, சேர். அது நான் சேத்தது.”

அவருடைய மீசை ஒருமுறை துடித்தது. சிரிப்பா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நண்பர் எழும்பினார்.

“சேர், எல்லாத்தையும் இணையத்திலை ஏத்திவிட்டது நான்தான். அவவை மட்டும் ஏசாதையுங்கோ. என்னையும் சேத்து ஏசுங்கோ,” என்றார். சொல்லுக்குச் சொல் யாழ்ப்பாணம். அப்போதுதான் விடயம் எவ்வளவு மோசம் என்று எனக்கு உறைத்தது.

பொறுப்பாளர் கடதாசிகளை அடுக்கி வைத்தார். “உடுவிலாரோடை நான் கதைச்சிட்டன். அந்த மனிசன் நாளைக்கே மறந்திடும். ஆனால் இந்தப் பதினேழாம் இலக்கம் ஆர்? ஒருத்தரும் வாசிக்கமாட்டினம் எண்டு நம்பி அவ எழுதி வைச்சதை நீங்கள் வாசிச்சிருக்கிறியள். வாசிச்சுப்போட்டு, ஊருக்கெல்லாம் கேக்கிற மாதிரி நக்கலடிச்சிருக்கிறியள். சனிக்கிழமை மயிலிட்டிக்குப் போய் அவவிட்டை மன்னிப்புக் கேளுங்கோ. கேட்டிட்டு, இந்தப் பிழையளை வாயாலை விளங்கப்படுத்திப்போட்டு வாங்கோ.”

விளையாட்டில் மற்ற ஆளும் சேர்ந்து விளையாடுகிறார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். கம்பைலரோடு தனியாகக் கதைத்துக்கொண்டிருந்த ஒரு மனுசியை ஒளிந்திருந்து கேட்டிருக்கிறேன் என்பது அந்த மேசைக்கு முன்னால் நிற்கும்போதுதான் தெரிந்தது.

மயிலிட்டியில் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சனசமூக நிலையத்தில் வகுப்பு நடந்தது. பதின்மூன்று பெண்கள். யன்னலைத் திறந்தால் கருவாட்டு வாசம், பூட்டினால் வெக்கை. ஆகவே பாதி திறந்து வைத்திருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

“இதிலை பதினேழாம் இலக்கம் ஆர்?”

பின்வரிசை வாங்கிலில் ஒருவர் எழும்பினார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். விரலில் மாட்டிய வளையத்தில் ஓட்டோத் திறப்பு தொங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஓட்டோ ஓட்டுகிறவர் என்றும், பள்ளி விடும்வரை ஓட்டோவுக்குள் இருந்தே பயிற்சிகளைச் செய்கிறவர் என்றும் பிறகு அறிந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்களோ கொத்தமல்லி?”

வகுப்பு வெடித்தது. அதை எழுதியது ஒரு மனிதர் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் மட்டும்தான் இரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“அக்கா, நீங்கள் எழுதினதை வாசிச்சது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” என்றேன். பேருந்தில் வரும்போது இதைவிட நீளமாக ஆயத்தப்படுத்தியிருந்தேன். அதில் ஒன்றும் வாயில் வரவில்லை.

“எனக்கென்ன மன்னிக்கக் கிடக்கு? ஆரோ வாசிக்கினம் எண்டு தெரிஞ்சுதானே எழுதினனான்.”

“என்னெண்டு தெரியும்?”

“உப்பிடிக் கதைக்கிறேல்லை எண்டு எழுதினன். அடுத்த நாள் அது ‘வேறை எப்பிடிக் கதைக்கிறது’ எண்டு கேட்டுது. சரி, சோதிச்சுப் பாப்பம் எண்டு தலையிடி எண்டு எழுதினன். எனக்குத் தலையிடியே வாறேல்லை. கம்பியூட்டருக்குக் கொத்தமல்லியைப் பற்றித் தெரியுமோ? மனிசர்தான் எண்டு பிடிச்சிட்டன்.”

பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்துக்கு ஒரு பிழை. எந்த வரியை எப்படி மாற்றினால் அந்தப் பிழை வரும், அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் என்று எல்லாம் நேர்த்தியாக எழுதியிருந்தது.

“அப்ப இவ்வளவு பிழையும்...”

“நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு பாக்க விட்டது. ஒண்டையும் ஒரே மாதிரி ரெண்டாந்தரம் விடேல்லை.”

ஒரு மாதமாக நான் பாவப்பட்டது இந்த மனுசிக்காகத்தான். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் குரலைத் தணித்தார்.

“ஆனால் பிள்ளை, தாங்கள் எழுதிற குறிப்பையும் நீங்கள் வாசிக்கிறியள் எண்டு மற்றவைக்குத் தெரியாதெல்லோ. அதை முதல் சொல்லுங்கோ.”

வகுப்புக்குத் திரும்பி, ஹாஷ் குறி போட்டு எழுதுகிறவற்றைக் கணினி வாசிக்காது, ஆனால் நாங்கள் வாசிப்போம் என்று சொன்னேன். இரண்டாம் வரிசையில் ஓர் இளம் பெண்ணின் முகம் சிவந்தது. அடுத்த ஐந்து நிமிடமும் அவள் தலை நிமிராமல் எதையோ அழித்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு விளக்கத் தொடங்கினேன். பெயர்ப் பிழை இலகுவாகப் போனது. திருவலையும் போனது. எல்லையில் வந்து தட்டியது.

“குசினிக்குள்ளை வைச்ச பேரை விறாந்தையிலை கூப்பிட்டால் கேக்காது,” என்றேன்.

“எங்கடை வீட்டிலை குசினியிலை கூப்பிட்டால் கடற்கரைக்கே கேக்கும்,” என்றார் ஒருவர்.

“குசினியும் விறாந்தையும் எங்களுக்கு ஒண்டுதான்,” என்றார் இன்னொருவர். மீள்குடியேறிக் கட்டிய சிறிய வீடு அவருடையது.

நான் சுவர்ப் பலகையில் கோடு கீறினேன், பெட்டிக்குள் பெட்டி போட்டேன். பதின்மூன்று முகமும் அப்படியே இருந்தன. பதினேழு பின்னாலிருந்து கேட்டார்.

“நான் சொல்லட்டோ?”

“சொல்லுங்கோ அக்கா.”

“என்ரை மனிசனுக்கு வள்ளத்திலை ஒரு பட்டப்பேர் இருக்கு. நாலு பேர் தொழிலுக்குப் போறவை. நடுக்கடலிலை அந்தப் பேரைக் கூப்பிட்டால் இவர் திரும்புவார். கரைக்கு வந்து அதே பேரைச் சொல்லி ஆளைத் தேடினால் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது.”

“என்ன பட்டம் அக்கா?” என்று கேட்டாள் முகம் சிவந்த பெண்.

“அதுதானே, தெரியாது எண்டிறன்!”

சிரிப்பு அடங்கியதும் ஒருவர் யோசித்துக் கேட்டார். “கரையிலையும் அந்தப் பேரிலை ஒருத்தன் இருந்தால்?”

“வள்ளத்துக்குள்ளை கூப்பிட்டால் வள்ளத்திலை இருக்கிறவன்தான் திரும்புவான். கரையிலை இருக்கிறவன் தன்ரை பாட்டிலை இருப்பான்.”

நான் இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருந்த விடயம் அது. வேறு பாடம் எனக்கு மிச்சமிருக்கவில்லை. எல்லோரும் அவரவர் நிரலில் வள்ளத்தையும் கரையையும் தேடத் தொடங்கினார்கள்.

வகுப்பு முடிந்து பேருந்துத் தரிப்புக்குப் போக ஆயத்தமானபோது, “ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்,” என்றார் பதினேழு. பாதி வழியில் ஒரு பூவரச மரத்தின் கீழே ஓட்டோவை நிறுத்தினார்.

“பிள்ளை, ஒரு பிழை கிடக்கு. இது விளையாட்டுக்கு விட்டது இல்லை.”

மடிக்கணினியைத் திறந்து பின்சீற்றில் எனக்குப் பக்கத்தில் வைத்தார். கறி நிரல்தான். நாலைந்து மீனில் ஒன்றைக் கணினியே குலுக்கி எடுக்கவேண்டும். குலுக்குவதற்கென்று ‘ரண்டம்’ என்ற பெயரில் ஒரு நிரல் ஏற்கெனவே உண்டு. அதை இம்போர்ட் செய்திருந்தார். வரி மேலே, எழுத்துச் சரி, எல்லாம் சரி. ஓடவிட்டால் சிவப்பு. கீழே நான் எழுதிய விளக்கம்: ‘பக்கத்து வீட்டிலை கேட்டுப் பாத்தன். அப்பிடி ஒரு சாமான் அங்கை இல்லையாம்.’

“இருக்கவேணுமே,” என்றேன். இம்போர்ட் வரியை அழித்துத் திரும்ப எழுதினேன். கணினியை நிறுத்தித் தொடக்கினேன். அதே சிவப்பு. ஒரு பேருந்து எங்களைத் தாண்டிப் போனது. வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். இரண்டாவது பேருந்தும் போனது. நான் எழுதிய விளக்கத்தை நானே பத்துத் தரம் வாசித்தேன். எனக்கே அது உதவவில்லை.

பதினேழு முன்சீற்றிலிருந்து திரும்பித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது பக்கத்து வீடு எண்டு சொல்லுறது எந்த வீட்டை?”

“ரண்டத்தை.”

“இஞ்சை பாருங்கோ, இந்த நிரலைச் சேமிச்ச என்ரை கோப்புக்கும் நான் ரண்டம் எண்டெல்லோ பேர் வைச்சிருக்கிறன்!”

பார்த்தேன். கணினி குலுக்கல் நிரலைத் தேடிப் போகமுதல், அருகில் அதே பெயரில் கிடந்த அவருடைய கோப்பையே எடுத்திருக்கிறது. கறி நிரலே கறி நிரலிடம் போய்க் குலுக்கத் தெரியுமோ என்று கேட்டிருக்கிறது.

“என்ரை வீட்டுக் கதவைத் தட்டி என்னட்டையே திருவலை கேட்டிருக்கு,” என்று சொல்லி ஓட்டோ ஆடச் சிரித்தார். நான் கைத்தொலைபேசியை எடுத்து, அந்தப் பிழைக்கு அந்த இடத்திலேயே புதிய விளக்கம் எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதியதுதான்: ‘முதல் உங்கடை கோப்பின்ரை பேரைப் பாருங்கோ. பக்கத்து வீடெண்டு நினைச்சு உங்கடை கதவைத்தான் தட்டுறியள் போலை.’ இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. எல்லைப் பிழைக்குக் குசினிக்குப் பதிலாக வள்ளம் இருக்கிறது. மீன் வெட்டுவதைப் பற்றிய வரியை மட்டும் பொறுப்பாளர் எடுக்கச் சொல்லிவிட்டார்.

பதினேழு கோப்பின் பெயரை மாற்றி நிரலை ஓடவிட்டார். திரையில் ‘திரளி’ என்று வந்தது.

“திரளியோ? மூண்டு நாளாக் கரையிலை திரளி இல்லை.” திரும்ப ஓடவிட்டார். ‘பாரை.’ தலையை ஆட்டினார். திரும்பவும் ஓடவிட்டார். ஐந்தாவது தரம் ‘சூடை’ வந்தது.

“ஆ, இப்ப சரி. சூடைதான் வீட்டிலை கிடக்கு.”

“அக்கா, அப்ப இந்த நிரல் எதுக்கு?”

“என்ரை மனிசனுக்குக் காட்டுறதுக்கு. நான் சூடை எண்டு சொன்னால், ஏன் நேற்றும் சூடைதானே எண்டு கேப்பார். கம்பியூட்டர் சொன்னால் மறுபேச்சில்லை.”

மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, மூன்றாவது பேருந்தைப் பிடிக்க ஓட்டோவை விரட்டினார்.